நீல விளக்கோடு ஒரு பிஎச்டி

வேதியியலில் முனைவர் பட்டம் செய்கிறேன் என்றால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் உடனே வரும் கேள்வி, "அப்போ மருந்துக்கடை வைக்கலாமாம்மா?" என்பதுதான். கடை வைக்க முடியாது. ஆனால் விரிவுரையாளர் ஆகலாம், ஆகியிருக்கிறேன். இந்தப் பக்கம் வர நினைக்கும் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்காக நடந்ததை எழுதி வைக்கிறேன். எஸ்டிபிஎம் தேர்வு, இளங்கலை, பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாம் ஊருக்கே தெரிந்த கதை, விட்டுவிடலாம்.

என் துறை ஒளிவினையூக்கம். ஒரு சாயம் ஒளியை விழுங்கி, அந்த வேகத்தில் பக்கத்து மூலக்கூறுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கும் அல்லது அதனிடமிருந்து பிடுங்கும். கொதிக்க வைக்காமலே பிணைப்புகள் உருவாகும். 2008இல் அமெரிக்க வேதியியலாளர்கள் மேக்மில்லன் குழுவும் யூன் குழுவும் ருத்தேனியம் சாயத்தை வைத்து இதைச் செய்து காட்டியதும் கரிம வேதியியலாளர்கள் கூட்டமாக இங்கே திரும்பினார்கள். யோசனை மட்டும் ரொம்பப் பழையது. இத்தாலியின் போலோன்யாவில் சாமிச்சியான் என்பவர் பால்கனியில் குடுவைகளை வெயிலில் அடுக்கி ஆராய்ந்தார். சூரிய ஒளியால் தொழிற்சாலை நடத்தலாம் என்று 1912இல் நியூயார்க்கில் பேசினார். நம் ஊரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்! ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேகம் கூடிவிட்டால் கணக்கு போச்சு. அதனால்தான் எல்இடி.

ருத்தேனியம், இரிடியம் எல்லாம் விலை அதிகம். என் மேற்பார்வையாளர் உலோகமே இல்லாத அக்ரிடினியம் சாயத்தை எடுக்கச் சொன்னார். ஆய்வகத்திலேயே தயாரித்துக்கொண்டோம். நீல ஒளியில் நன்றாக வேலை செய்யும்.

தலைவலி விளக்கில்தான் இருந்தது. நான் செய்தால் நல்ல விளைச்சல், பக்கத்து மேசைத் தோழி அதையே செய்தால் பாதிதான். குடுவை விளக்கிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப்போனாலும் ஒளி குறையும். விளக்கு சூடேறினால் வினையை நடத்துவது ஒளியா வெப்பமா என்று தெரியாது, அதனால் மின்விசிறி கட்டாயம். சாயம் அடர்த்தியாக இருந்தால் ஒளி முதல் சில மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடும். அதனால் பெரிய குடுவைக்கு மாற்றினால் வினை மந்தமாகும். கடைசியில் குடுவைகள் அசையாமல் உட்கார ஒரு தாங்கி செய்த பிறகுதான் இருவர் எண்களும் ஒத்துவந்தன. ஆய்வுக்கட்டுரையில் இதற்குக் கிடைப்பது ஒரு வரி.

அப்புறம் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, எண்ணும் வேலை. இரும்பு ஆக்சலேட் கரைசலில் ஒளி பட்டால் இரும்பின் நிலை மாறும். பினாந்திரோலின் சேர்த்தால் சிவக்கும். அந்தச் சிவப்பின் அளவை வைத்து எவ்வளவு ஒளி உள்ளே போனது என்று கணக்கிடலாம். இருட்டறையில் செய்ய வேண்டிய, சலிப்பூட்டும் வேலை. பலர் தவிர்த்துவிடுகிறார்கள். நான் செய்து வைத்திருந்தது வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், காப்பாற்றியது.

வெளித்தேர்வாளர் கேட்டார்: "உங்களுடையது சங்கிலி வினையா?" ஒளி தொடக்கி வைத்ததும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று தூண்டி வினை தானாகத் தொடர்ந்தால் அது சங்கிலி. விளக்கை அணைத்ததும் வினை நிற்கிறது, ஆகவே சங்கிலி இல்லை என்று வரைபடம் போட்டுக் காட்டுவது வழக்கம். அது சான்றாகாது. விளக்கை அணைத்த நொடியிலேயே சங்கிலியும் அறுந்துபோகலாமே! ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை மூலக்கூறு விளைந்தது என்ற எண்தான் பேசும். என்னுடையது 1ஐத் தாண்டியிருந்தது, ஆகவே சங்கிலி ஓடுகிறது. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மேற்பார்வையாளரின் மானியத்தில் ஆய்வு உதவியாளராக இருந்துதான் படித்தேன். அந்த மானியம் என் ஆய்வேடு முடியும் முன்பே தீர்ந்தது. மிச்ச நாட்களை டியூஷன் எடுத்து ஓட்டினேன். ஒருவரிடம் சேரும் முன் அவருடைய கட்டுரைகளைப் படிப்பது சரி, மானியம் எந்த மாதம் முடிகிறது என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

விரிவுரையாளர் ஆனதும் நானே எஃப்ஆர்ஜிஎஸ் என்ற அரசு ஆய்வு மானியத்துக்கு விண்ணப்பித்தேன். முதலில் நிராகரித்தார்கள். இந்நாட்டுக்கு இதனால் என்ன பயன் என்பது மதிப்பீட்டாளரின் கேள்வி. எரிச்சல் வந்தது, ஆனால் நியாயமான கேள்வி. அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. அந்த எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஒலியிக் அமிலம். அதன் இரட்டைப் பிணைப்பில், ஒளியால் கிளர்ந்த ஆக்சிஜனை 9ஆவது அல்லது 10ஆவது கார்பனில் ஏற்றலாம். விண்ணப்பத்தை இதைச் சுற்றித் திருப்பி எழுதினேன், கிடைத்தது.

அப்பாவிடம் விளக்கியபோது, "எண்ணெய் கெட்டுப்போறதைத்தானே சொல்றே?" என்றார். கிட்டத்தட்ட அதுதான். வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும், அவ்வளவே. இதற்கு ரோஸ் பெங்கால் சாயமும் பச்சை விளக்கும் போதும். 9ஆம் கார்பனில் மட்டும் ஏற்றத்தான் இன்னும் வழி தெரியவில்லை. இரண்டும் சரிபாதியாகவே வந்துகொண்டிருக்கின்றன.