சதுப்பில் குதிரை எதற்கு? ஃப்ளோரிடாவில் பன்றி பிடிப்பது பற்றி

ஃப்ளோரிடாவில் குதிரை ஏறி, நாய்களை விட்டுக் காட்டுப்பன்றி பிடிக்கிறார்கள் என்று சொன்னால் கேட்பவர் மனதில் உடனே ஒரு ராஜா வேட்டை ஓட ஆரம்பித்துவிடுகிறது. பாய்ந்து போகும் குதிரை, கையில் ஈட்டி, முன்னால் உயிருக்கு ஓடும் பன்றி. வெள்ளைக்காரர்கள் மீரட் பக்கம் கங்கைக் கரைப் புல்வெளிகளில் அப்படித்தான் ஆடினார்கள், காதிர் கோப்பை என்று போட்டிகூட நடத்தினார்கள். ஃப்ளோரிடாவில் நடப்பது வேறு. இங்கே குதிரை பன்றியைத் துரத்துவதே கிடையாது. துரத்துவது நாய். நாய் நிற்கும் இடம்வரை ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் குதிரையின் வேலை, அதற்கப்புறம் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும்.

ஒகிச்சோபி ஏரிக்கு வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தோடு நானும் போயிருக்கிறேன். குளிர்காலத்தில் மட்டும்தான் போவார்கள். பாம்பு ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் நாய். வெயில் காலத்தில் ஓடி ஓடி உடம்பு சூடேறிச் செத்துப்போகும் நாய்கள் உண்டு. பன்றியின் கோரைப்பல்லைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பன்றி அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தப் பிராணி அல்ல. 1539ல் ஸ்பானியப் படைத் தலைவர் எர்னாண்டோ டி சோட்டோ டம்பா விரிகுடாப் பக்கம் வந்து இறங்கியபோது, படைக்கு ஆகட்டும் என்று 13 பெண் பன்றிகளையும் கொண்டுவந்தார். 1542ல் அவர் இறந்தபோது அந்தக் கூட்டம் சுமார் 700 ஆகியிருந்தது, அதுவும் வழியில் தின்றதும் தொலைந்ததும் போக மிச்சம். இன்று காட்டில் இருப்பவை எல்லாம் அவற்றின் வாரிசுகள் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பின்னால் வந்து குடியேறியவர்களும் பன்றியைப் பட்டியில் அடைத்து வளர்க்கவில்லை. காதில் தங்கள் குடும்ப அடையாளத்தை வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். ஓக் மரக் கொட்டையும் கிழங்கும் தின்று அது தானாகக் கொழுக்கும், வேண்டும்போது நாயை விட்டுத் தேடிப் பிடித்துக்கொள்வார்கள். மாடும் அப்படித்தான் இருந்தது. 1949ல் வேலிச் சட்டம் வரும்வரை மாநிலத்தின் பெரும்பகுதியில் கால்நடை எங்கே வேண்டுமானாலும் மேயலாம். பயிர் வைத்தவன்தான் தன் பயிரைச் சுற்றி வேலி போட்டுக்கொள்ள வேண்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த வேட்டையே எனக்குப் பிடிபட்டது. இதில் இருக்கும் நாய், குதிரை, சாட்டை, கயிறு எல்லாமே கால்நடை வேலைக்கு என்று வந்தவை. மாட்டின் முகத்துக்கு முன்னால் நின்று குரைத்து, அதை மேலே போகவிடாமல் மடக்கி, புதருக்குள் சிதறியதைத் திரட்டிக் கொடுக்கும் கர் வகை நாய்தான் பன்றியையும் அதே மாதிரி மடக்குகிறது. வேலி வந்து திறந்தவெளி மேய்ச்சல் முடிந்துபோன பிறகும் அந்த மேய்ச்சல்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பழைய தொழில் இது, விளையாட்டு என்ற பெயரில் நடக்கிறது, அவ்வளவுதான். என்னோடு வந்த பண்ணைக்காரருக்கு இதில் உடன்பாடு இல்லை. அவரைக் கேட்டால் வேட்டை வேட்டைதான் என்பார். இருந்தாலும் பன்றி கிடைக்காத நாட்களில் திரும்பும் வழியில் தப்பிப்போன கன்றுகளை அதே நாய்களை வைத்து அவர் ஓட்டிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

குதிரைக்கு வருகிறேன். இங்கே கிராக்கர் குதிரை என்று ஓர் இனம் உண்டு, ஸ்பானியர்கள் கொண்டுவந்து விட்டுப்போனவற்றின் வழியில் வந்தது, தோள் உயரம் நாலரை அடியிலிருந்து ஐந்தடிக்குள். 1930களில் மேற்கு மாநிலங்களில் வறட்சியும் புழுதிப் புயலும் வந்தபோது அங்கிருந்த மாடுகள் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன, கூடவே ஸ்க்ரூவர்ம் என்ற ஈயும் வந்து சேர்ந்தது. புண்ணில் முட்டையிடும், அதிலிருந்து வரும் புழு மாட்டின் உயிருள்ள சதையைத் தின்னும். மருந்து போட வேண்டுமென்றால் ஒவ்வொரு மாட்டையும் கயிறு வீசிப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். அதுவரை நாயும் சாட்டையும் வைத்து ஓட்டிப் பட்டியில் அடைப்பதுதான் வழக்கம், அதற்குச் சின்னக் குதிரை போதும். கயிற்றின் மறுமுனையில் முரண்டுபிடிக்கும் மாட்டை நிறுத்த எடை வேண்டும் என்று எல்லாரும் குவார்ட்டர் ஹார்ஸ் என்ற கனத்த இனத்தின் பக்கம் போய்விட்டார்கள். ஓர் ஈயால் ஒரு குதிரை இனம் கிட்டத்தட்ட இல்லாமலே போனது! சில குடும்பங்கள் பிடிவாதமாக வைத்திருந்ததால் பிழைத்தது. 1989ல் அதற்கென்று ஒரு சங்கம் வந்தது, 2008ல் மாநிலத்தின் பாரம்பரியக் குதிரை என்று சட்டமே போட்டார்கள்.

தென் கரோலினாவின் கடலோரச் சதுப்பில் இதன் உறவுக்காரன் ஒன்று இருக்கிறது, மார்ஷ் டாக்கி. அங்கே பன்றிக்கும் மானுக்கும் அதில் போகிறவர்கள் உண்டு. சேற்றில் கால் புதைந்தால் மற்ற குதிரைகள் பயந்து உதறி இன்னும் ஆழமாக இறங்கும். இது பதறாமல் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, காலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு எழுந்துவிடும் என்று அதைப் பற்றிச் சொல்லாதவர் இல்லை. 2010ல் அதுவும் தன் மாநிலத்தின் பாரம்பரியக் குதிரை ஆனது.

சரி, நான்கு சக்கர மோட்டார் வண்டி இருக்கும் காலத்தில் குதிரை எதற்கு? நிலத்தைப் பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். தரையோடு படரும் சா பால்மெட்டோ என்ற ரம்ப முள் பனை ஆள் நெஞ்சுவரை வளர்ந்து கிடக்கும், நடந்து போகிறவனுக்குப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, குதிரை மேலிருந்தால் அதன் தலைக்கு மேலே பார்க்கலாம். இடையிடையே சைப்ரஸ் மரக் குட்டைகள், அந்த மரத்தின் வேர்கள் முளை முளையாகத் தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பி நிற்கும், வண்டியை விட்டால் அச்சு போகும். அங்கே கடிவாளத்தைத் தளர்த்திவிட்டு அங்கவடியிலிருந்து காலை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எங்கே மிதிப்பது என்று குதிரைக்குத் தெரியும், நாம் இழுத்தால்தான் தப்பாக மிதிக்கும். லாடம் சேற்றில் உறிஞ்சிக் கழன்றுபோகும் என்பதால் பலர் அடிப்பதே இல்லை.

மீதிப் பாதி, சத்தம். இந்த வேட்டையில் கண்ணுக்கு வேலை குறைவு, முழுக்கக் காதுதான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் அரை மைல் தள்ளிக் குரைப்பது கேட்காது. குதிரையை நிறுத்தினால் அதுவும் நின்று கேட்கிறது, நமக்குக் கேட்பதற்கு முன்பே அதன் இரண்டு காதும் ஒரு பக்கம் திரும்பிவிடும். பழகியவர்கள் நாய் எங்கே என்று காட்டைப் பார்ப்பதில்லை, குதிரையின் காதைத்தான் பார்க்கிறார்கள். இப்போது நாய்க் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை வந்துவிட்டது, நாய் நின்றால் கையிலிருக்கும் கருவி உடனே சொல்கிறது. நாய் தொலைவது குறைந்திருக்கிறது, அந்த மட்டும் நல்லது. ஆனால் அது எதன் முன்னால் நிற்கிறது, எவ்வளவு கிட்டத்தில் நிற்கிறது, பயந்து நிற்கிறதா என்பதெல்லாம் இன்னும் குரலில்தான் இருக்கிறது.

நாய்களில் இரண்டு வேலைக்காரர்கள். மடக்கும் நாய், பிடி நாய். மடக்குவதற்கு பிளாக் மவுத் கர், லூசியானாவின் கட்டஹூலா (1979லிருந்து அந்த மாநிலத்தின் நாய்) மாதிரியானவை. மோப்பம் பிடித்துப் போகும்போது இவை பெரும்பாலும் வாய் திறக்காது, அதுதான் இவற்றின் அருமை. வழியெல்லாம் குரைத்துக்கொண்டு போகும் ஹவுண்டை விட்டால் பன்றிக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும், ஒரு மைல் தாண்டி அடுத்த குட்டைக்குப் போயிருக்கும். சத்தமில்லாமல் போன நாய் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு முதல் குரைப்பைப் போடும்போது பன்றிக்கு ஓட நேரமில்லை. பின்புறத்தை ஒரு மரத்துக்கோ பால்மெட்டோ புதருக்கோ கொடுத்துத் திரும்பி நின்றுவிடும். நல்ல நாய் அங்கே கடிக்காது. சில அடி தள்ளி நின்று, குரல் மாறாமல், தாளம் தவறாமல் குரைத்துக்கொண்டே இருக்கும். ஆர்வக்கோளாறில் பாயும் நாய் கிழிபடும், பன்றியும் கலைந்து ஓடிவிடும். தைரியமான நாயைவிட நிதானமான நாய்க்கு ஏன் அங்கே மதிப்பு என்பது பார்த்தால்தான் புரியும்.

பிடி நாய் வேறு சாதி. அமெரிக்கன் புல்டாக், பிட்புல். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கெவ்லர் மாதிரியான, எளிதில் கிழியாத துணியில் தைத்த கவசம் மாட்டி, கயிற்றில் கட்டியே கொண்டுபோவார்கள், மடக்கிய இடத்துக்குப் பக்கத்தில் போன பிறகுதான் அவிழ்ப்பார்கள். அது நேரே போய்க் காதைக் கவ்வும், கவ்வினால் விடாது. அந்த நொடியில் ஆள் பின்னாலிருந்து ஓடி இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் புரட்டி, தோளில் முழங்காலை அழுத்திக் கட்ட வேண்டும். காலைத் தூக்கிவிட்டால் பன்றியின் பலம் பாதி போய்விடும். தூக்குவதற்குள் அது திரும்பினால் கதை வேறு. கீழ்க் கோரைப்பல் மேல்பல்லில் உரசி உரசித் தானே தீட்டிக்கொள்வது, கத்தி மாதிரி இருக்கும். வயதான ஆண் பன்றிக்குத் தோளில் தடித்த தோல் கவசம் வேறு. நாயின் வாயைத் திறக்க ஒரு மரக் குச்சி வைத்திருப்பார்கள், கடைவாய்க்குள் விட்டுத் திருப்பினால்தான் அது பிடியை விடும்.

கொல்வதென்றால் அங்கேயே கத்தி. அந்த இடம் எனக்குப் பார்க்கக் கஷ்டம், நாய் கவ்விக்கொண்டிருக்கும்போது பன்றி போடும் கூச்சல் அதைவிடக் கஷ்டம். சில நொடிகளில் முடிந்துவிடுகிறது என்பார்கள், எல்லா நேரமும் அப்படி இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு வேட்டையாடுவதை 2004 சட்டம் தடுத்ததற்கான காரணம் அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கொல்லாமல் விடுவதும் உண்டு. ஆண் பன்றியின் கறியில் கடுமையான வாடை அடிக்கும், சமைத்தால் வீடே நாறும். அதனால் கட்டிப்போட்ட ஆண் பன்றியை அங்கேயே காயடித்து, காதில் ஒரு வெட்டுப் போட்டு அவிழ்த்துவிடுவது பழைய வழக்கம். அதற்கப்புறம் அது பெண்ணைத் தேடி அலையாமல் தின்று கொழுக்கும், வாடையும் போய்விடும், பிற்பாடு அதே நாய்களுக்கு மறுபடி கிடைத்தால் நல்ல கறி. இதையெல்லாம் பார்த்துவிட்டு இது மேய்ச்சல் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பன்றித் தொல்லையை ஒழிக்கத்தான் இதைச் செய்கிறோம் என்று சிலர் சொல்வார்கள். அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். தொல்லை நிஜம்தான், ஃப்ளோரிடாவின் 67 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) பன்றி இருக்கிறது, ஓர் இரவில் மேய்ச்சல் நிலத்தை உழுதுபோட்டுவிடும். ஆனால் சினை காலம் மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள்; ஒரு வயதாவதற்குள்ளேயே குட்டி போடத் தயாராகிவிடும். எண்ணிக்கை ஏறாமல் இருக்கவே வருஷத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு போல எடுக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கணக்கு, நாயும் குதிரையும் அதில் ஓரம்கூடத் தொடாது. முழுக் கூட்டமும் உள்ளே வந்த பிறகு கதவை விழவைக்கும் பெரிய கூண்டுகள்தான் அதைச் செய்கின்றன. ஒன்றிரண்டைப் பிடித்து மற்றதைக் கலைத்துவிட்டால் மிச்சம் உஷாராகி இடம் மாறிவிடும், கூண்டு வைப்பவருக்கு அதுதான் எரிச்சல். மிஸ்ஸூரி மாநில வனப் பாதுகாப்புத் துறை 2016ல் தன் நிலங்களில் பன்றி வேட்டையையே நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். உயிரோடு பிடித்து வேறு மாவட்டத்தில் கொண்டுபோய் விடுகிறவர்களால்தான் பன்றி பரவியது என்பது இன்னொன்று. பண்ணைக்காரரும் இதை மறுப்பதில்லை, அவர் நிலத்திலும் கூண்டு நிற்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு: தெற்கு ஃப்ளோரிடாவில் மிஞ்சியிருக்கும் பாந்தர் என்ற பூமாவுக்கு (அமெரிக்காவின் பெரிய பூனை) இந்தப் பன்றிதான் முக்கியமான இரைகளில் ஒன்று.

தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் வருஷம் முழுக்கப் பிடிக்கலாம், லைசென்ஸ் வேண்டாம். அதனால் யாராவது கூப்பிட்டால் போய்ப் பார்ப்பதில் தடை ஒன்றும் இல்லை. கறி அறுக்க நின்றால் மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பன்றி ரத்தத்திலிருந்து புரூசெல்லோசிஸ் என்ற நோய் மனிதனுக்கு வரும், மாதக்கணக்கில் காய்ச்சல் வந்து வந்து போகும். வீட்டில் செல்லமாக வளர்க்கும் நாயை வேடிக்கைக்குக்கூடக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பன்றிகளிடம் சூடோரேபிஸ் என்ற வைரஸ் இருக்கிறது, வளர்ந்த பன்றி அதைத் தாங்கிக்கொள்ளும், மனிதனுக்கு இங்கே அது பிரச்சினையாக இருந்ததில்லை. பச்சைக் கறியை நக்கி அது தொற்றிய நாய் மட்டும் ஓரிரு நாளில் போய்விடும், அதற்கு மருந்து கிடையாது.