சேலத்திலிருந்து எல்லாமே பக்கம்தான்

சேலத்துக்காரனுக்கு எந்த ஊரும் தூரம் கிடையாது. திருச்சி 140 கிலோமீட்டர், கோவை 160 சொச்சம், பெங்களூரு 200. சென்னைகூட ராத்திரி ரயிலேறிப் படுத்தால் வந்துவிடும். பெரிய பாட்டுக் கச்சேரிகள் நம்ம ஊருக்கு அவ்வளவாக வருவதில்லை. அதனால் எங்கே யார் பாடுவதாக அறிவிப்பு வந்தாலும், எங்கள் செட்டில் ஒருத்தன் "பக்கம்தானே மாப்ள" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவான். உடனே கார், டிக்கெட், லீவு எல்லாவற்றையும் பற்றிச் சண்டை ஆரம்பமாகும். வழியில் எங்கே சாப்பிடுவது என்பதில் மட்டும் சண்டையே வராது.

அந்த ஒருத்தன் செவ்வாய்ப்பேட்டைக்காரன். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறான். நாளெல்லாம் தட்டுகிற கை என்பதால் தாளம் தனக்கு ரத்தத்திலேயே இருக்கிறது என்பது அவன் கட்சி.

கோவைக் கச்சேரிக்கு டிக்கெட் போட்டவனும் அவன்தான். பிளாட்டினம், டைமண்ட், கோல்டு, சில்வர் என்று வரிசையாக இருந்தது. "நமக்குச் சோறு போடுறது வெள்ளிடா" என்று சொல்லி சில்வரிலேயே எல்லோருக்கும் போட்டுவிட்டான். போய் உட்கார்ந்தால் மேடையில் பாடகர் தீக்குச்சி உயரத்தில் தெரிகிறார். சரி, பெரிய திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், திரையில் வாய் முதலில் அசைகிறது, பாட்டு பின்னால் வருகிறது. "லைவ்னு சொல்லிட்டு சிடி போட்டு ஏமாத்துறானுங்க" என்று நம்மாள் எழுந்தே விட்டான்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவன்தான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து விளக்கினான். சத்தம் ஒரு விநாடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் பாட்டு அரை விநாடி தாமதமாகத்தான் வந்து சேரும், வெளிச்சத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. பெரிய மைதானங்களில் நடுவில் ஸ்பீக்கர் கம்பங்கள் நட்டு, முன்னாலிருந்து வரும் சத்தத்தோடு சேர்வதற்காக அவற்றைக் கணக்குப் பண்ணித் தாமதமாகவே ஒலிக்க விடுவார்களாம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு நம்மாள் சொன்னான்: "அப்ப நமக்கு அரை விநாடி பாட்டு பாக்கி. கடைசியில கேட்டு வாங்கிட்டுத்தான் போகணும்."

பெங்களூரில் வேறு கூத்து. ஏழு மணிக்கு என்று போட்டிருந்த நிகழ்ச்சி எட்டேகாலுக்குத்தான் தொடங்கியது. திறந்தவெளியில் ராத்திரி பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷ ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழா மாதிரி நாட்களுக்கு அரசு நினைத்தால் பன்னிரண்டு வரை தளர்த்தலாம், அன்றைக்குத் தளர்த்தவில்லை போலிருக்கிறது. பத்து மணிக்கு டக்கென்று முடித்துவிட்டார்கள். ஹிட் பாட்டையெல்லாம் கடைசியில்தான் பாடுவார்கள் என்று கணக்குப் போட்டு, ஒன்பதரைக்கு பஜ்ஜி வரிசையில் போய் நின்றவன் ஒருத்தன் உண்டு. பஜ்ஜியும் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் சென்னை மார்கழிக் கச்சேரிக்கு ஈடு எதுவும் இல்லை. ஏற்காடு எக்ஸ்பிரஸில் போனோம். ஏற்காட்டுக்கும் அந்த ரயிலுக்கும் பெயரைத் தவிர சம்பந்தம் கிடையாது, ஈரோட்டில் கிளம்பி விடிவதற்குள் சென்னையில் தள்ளிவிடும். மத்தியானக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது. கேண்டீனில் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, குளுகுளு அரங்கில் போய் உட்கார்ந்தோம். நான் தூங்கலாம் என்றிருந்தேன். பட்டறைக்காரன் விடவில்லை. தொடையில் பளீர் பளீரென்று தாளம் போட ஆரம்பித்துவிட்டான். பக்கத்து நாற்காலிப் பெரியவர் கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்தார். அப்புறம் மெதுவாகக் குனிந்து, "தம்பி, இது மிஸ்ர சாபு தாளம். ஏழு எண்ணிக்கை. நீங்க எட்டு போட்டுண்டிருக்கேள்" என்றார்.

இவன் கையை நிறுத்தவே இல்லை. "எங்க ஊர்ல எட்டுதாங்க" என்றான்.

பெரியவர் எழுந்து முன் வரிசைக்குப் போய்விட்டார்.

இவன் எல்லா ஊரிலும் கச்சேரி முழுவதையும் போனில் படம் பிடிப்பான். கூடவே பாடவும் செய்வான். போனுக்கும் அவன் வாய்க்கும் ஒரு முழம் தூரம், மேடை எங்கேயோ. ஆகவே எந்த வீடியோவைப் போட்டாலும் இவன் குரல்தான் கணீரென்று கேட்கும், பாடகர் பின்னணி பாடுவார். பெங்களூரிலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில், லாரிகளுக்கு நடுவே, டிரைவர் சீட்டில் இருந்தவன் தூங்கிவிடக்கூடாதென்று இதைத்தான் சத்தமாகப் போட்டோம். நல்ல பலன் இருந்தது. ஒரு வீடியோவில் பின்னாலிருந்து யாரோ, "அண்ணே, கொஞ்சம் அவரையும் பாட விடுங்கண்ணே" என்று கெஞ்சுவதுகூடப் பதிவாகியிருக்கிறது.

வீட்டுக்குப் போய் மனைவியிடமும் போட்டுக் காட்டியிருக்கிறான். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "ஏங்க, இதுக்கு நீங்க காசு குடுத்தீங்களா, அவங்க குடுத்தாங்களா?"