யாருக்கு எவ்வளவு

மார்ச் 2, திங்கள்
காலையில் விரல்கள் மடங்கவில்லை. வெந்நீரில் கைகளை வெகுநேரம் ஊறவைத்த பிறகும் சட்டைப் பித்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாமல், தலைவழியாக மாட்டும் உடைக்கு மாறினேன். பதினொரு மணிக்கெல்லாம் கை சரியாகிவிட்டது. அலுவலகத்தார் அறிந்தது அந்தப் பதினொரு மணி ஆளை மட்டுமே.

மார்ச் 4, புதன்
தாமதத்துக்குக் காரணம் கேட்டார் மேலாளர். போக்குவரத்து நெரிசல் என்றேன்.

மார்ச் 5, வியாழன்
நோயின் பெயரைச் சொன்னால், "இந்த வயதிலா மூட்டுவலி?" என்றுதான் முதலில் கேட்பார். இது தேய்மானமில்லை, உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது, எந்த வயதிலும் தொடங்கலாம், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்று ஒரு பாடமே நடத்த வேண்டியிருக்கும். நடத்தி முடித்ததும் அவர் முகத்தில் வரும் பரிவை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, ஏனெனில் அந்தப் பரிவோடுதான் அடுத்த பெரிய பொறுப்பு, என் நன்மைக்காகவே என்ற பேரில், வேறொருவர் கைக்குப் போகும். சொல்லாவிட்டாலோ சோம்பேறி என்ற பெயர் நிலைத்துவிடும். பெயரை விட்டுவிட்டு, "காலையில் மூட்டுகள் இறுகியிருக்கும், பத்தரைக்குத் தொடங்கி மாலையில் கூடுதலாக இருந்து முடித்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்லலாமா? அவருக்கு உண்மையில் தேவையானது அவ்வளவுதான். ஆனால் "என்ன நோய்?" என்று நேராகக் கேட்டுவிட்டால், மழுப்புவது பொய்யைவிட மோசமாகத் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு
மாத்திரை நாள். நாளை வயிற்றைப் புரட்டும்.

மார்ச் 9, திங்கள்
புரட்டியது. விடுப்பு எடுத்தேன். பார்க்க வந்த சித்தி மகள் மேசைமேல் கிடந்த மெத்தோட்ரெக்சேட் அட்டையை எடுத்துப் பெயரைக் கைபேசியில் தேடினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இது புற்றுநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாமே?"

அங்கே கொடுப்பது பெரிய அளவு, எனக்கு வாரம் ஒருமுறை சிறிய அளவு, எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்க மட்டுமே என்று சொல்லி அவள் அழுகையை நிறுத்துவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யாருக்கு மிகக் குறைவாகச் சொல்ல நினைத்திருந்தேனோ, அவளுக்கே இப்போது எல்லாம் தெரியும். அவள் வாயில் எதுவும் தங்காது.

மார்ச் 12, வியாழன்
தங்கவில்லை. இதுவரை வந்த பத்தியங்களை எல்லாம் கடைப்பிடித்தால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது.

மார்ச் 16, திங்கள்
தோழியிடம் நானாகவே சொன்னேன். "காலையில் எத்தனை மணிக்கு மேல் உன்னை அழைக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள். எல்லோரும் இப்படிக் கேட்டால் எல்லோரிடமும் சொல்லிவிடுவேன். ஆனால் கேட்பாரா மாட்டாரா என்பது சொன்ன பிறகுதானே தெரியும். சொன்னதைத் திரும்ப வாங்கவா முடியும்?

மார்ச் 19, வியாழன்
இரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருந்தால் கூடும் சிஆர்பி இயல்பு அளவில் இருக்கிறது. நோய் மும்முரமாக இருக்கும்போதும் சிலருக்கு அப்படி வருமாம். கையில் வீக்கம் இருப்பதை மருத்துவரே தொட்டுப் பார்த்துச் சொன்னார். மேலாளர் ஆதாரம் கேட்டு, நான் இந்தத் தாளை நீட்டினால், அது அவர் பக்கம்தான் பேசும்.

மார்ச் 24, செவ்வாய்
நோயின் பெயரில்லாமல் சான்றிதழ் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். தயங்காமல் எழுதிக் கொடுத்தார்: தொடர் சிகிச்சையில் இருக்கிறார், காலையில் வேலை தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைப்பது அவசியம். அதோடு என் கடிதத்தையும் சேர்த்து மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். கடிதத்தில் பெயரை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அழித்த நிலையில்தான் போயிருக்கிறது.

மார்ச் 26, வியாழன்
கடிதத்தைப் பற்றிப் பேச நாளை காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் படித்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. ஐந்து மணிக்கே எழுந்து கைகளைப் பழக்கிக்கொண்டு போனால், நான் எழுதியதை நானே பொய்யாக்கியதாகிவிடும். அப்படியே போனால், கதவின் கைப்பிடியைக்கூட...