கட்டிய பட்டுப் புடவைகளை இணையத்தில் விற்ற அனுபவம்

கீழக்கரையில் ஒரு கல்யாணத்துக்கு உடுத்திய பட்டை அடுத்த கல்யாணத்துக்கும் உடுத்தினால் நாலு பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள். யார் வீட்டு நிக்காஹ், என்ன நிறம், முந்தானையில் மயிலா மாங்காயா என்பதெல்லாம் எங்கள் தெருப் பெண்களுக்கு அப்படியே நினைவிருக்கும். அதனால்தான் வெளிநாட்டில் சம்பாதிக்கும் சபுராளிகளின் வீட்டு அலமாரிகளில் ஒரே முறை உடுத்திய பட்டுகளும், துபாயிலிருந்து வந்த கல் பதித்த கவுன்களும், ஒரு பெருநாளைக்கு எடுத்து மறு பெருநாளுக்குள் சிறிதாகிப்போன பிள்ளைகளின் ஷராராக்களும் அடைந்து கிடக்கின்றன. அவற்றை விற்கவிடாமல் தடுப்பதும் அதே ஞாபகம்தான். "புடவையை விற்கிறார்களாம், அங்கே சம்பளம் வரவில்லை போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் போதும், பிற்பகல் அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். விலை, கமிஷன், கூரியர் எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது இந்தப் பயத்துக்குத்தான்.

இதற்கு முன்பும் பழைய பட்டு வாங்குகிறவர்கள் தெருவுக்கு வருவதுண்டு. அவர்கள் வாங்குவது புடவையை அல்ல, சரிகையில் இருக்கும் வெள்ளியை. பார்டரைச் சுரண்டிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார்கள். துணிக்கு மதிப்பே கிடையாது. கிழிந்த பட்டுக்கு அது நியாயமான முடிவு. ஒரே முறை உடுத்திய புடவையை உருக்குவதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நெய்தவருடைய உழைப்பு அதில் அப்படியே இருக்கிறது. இன்னொரு பெண் அதை உடுத்தலாம்.

இணையத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் நாமே படம் போட்டு, பேரம் பேசி, அனுப்பிவைப்பது. கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி நமக்கே. ஆனால் ஓஎல்எக்ஸும் மார்க்கெட்பிளேஸும் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் காட்டும். நமக்கு வேண்டாததே அதுதான். இன்னொன்று கமிஷன் முறை. உடையை அவர்களுக்கு அனுப்பிவிட்டால், சோதித்து, படம் எடுத்து, தங்கள் பெயரிலேயே விற்று, கமிஷன் போக மீதியை நம் கணக்கில் போடுவார்கள். நான் சேர்ந்த பெங்களூரு நிறுவனம் விற்ற விலையில் 40 விழுக்காடு எடுத்துக்கொண்டது. என் மாமி இதைக் கேட்டுவிட்டு, "பத்துக்கு நாலா? அநியாயம்மா" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விற்பவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. புடவை போன தடமே ஊரில் இருக்காது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்த மறைப்பின் விலைதான் கமிஷன். அதை விளக்கிய பிறகு முதல் பையைக் கொடுத்தவர் அந்த மாமிதான்.

ஆனால் எல்லாவற்றையும் கமிஷனுக்கு அனுப்புவது வீண். 2,000 ரூபாய்க்கு விற்கும் உடையில் கமிஷனும் அனுப்பும் செலவும் போனால் மிஞ்சுவது சொற்பம். நல்ல சரிகையுள்ள கனத்த பட்டுகளை மட்டும் அங்கே அனுப்பினேன். புர்காக்களையும் சாதாரண சில்க் காட்டன் புடவைகளையும் இன்ஸ்டாகிராமில், ஊர் பெயர் இல்லாத ஒரு கணக்கில், முகம் தெரியாத படங்களோடு போட்டேன்.

பட்டுக்கு அத்தாட்சி கேட்பார்கள். கடை ரசீது இருந்தால் உத்தமம். மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு 2004 முதல் வழக்கத்தில் இருக்கிறது. பலர் அதைப் புடவை வாங்கிய அன்றே பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள். அந்தச் சீட்டு பட்டுக்குத்தான் உறுதி தரும், சரிகைக்கு அல்ல. சரிகைக்கு எங்கள் வீட்டு மூத்தவர்கள் செய்வது, ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை நகத்தால் சுரண்டுவது. வெள்ளிக்கு உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல். சந்தேகமானதை "அசல் சரிகை" என்று எழுதவே கூடாது. திரும்பி வந்தால் போக்குவரத்துச் செலவு நம் தலையில் விழும்.

கடற்கரைக்காரர்களுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. உப்புக்காற்று சரிகையைக் கறுக்க வைக்கிறது. மதுரையில் பத்து வருடம் பளிச்சென்று இருக்கும் பார்டர் இங்கே சில வருடங்களிலேயே மங்கிவிடுகிறது. மடிப்பு விழும் இடத்தில் செம்பு பச்சை பூக்கிறது. கல்யாண வீட்டில் புடவைமேலேயே அத்தர் பூசிக்கொள்ளும் பழக்கம் வேறு. கறுத்த சரிகையை எலுமிச்சை, பற்பசை என்று தேய்த்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம், மேலிருக்கும் தங்கப் பூச்சு போய்விடும். கறுத்திருந்தால் கறுத்திருக்கிறது என்று அருகில் படம் எடுத்துக் காட்டிவிட்டு விலையைக் குறைப்பதே நல்லது. இனி விற்கப்போகும் புடவைகளையாவது வெள்ளை மல் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பூச்சிக்கு நாப்தலின் உருண்டை போட்டால் அந்த நெடி போகவே போகாது. வாங்குபவர்கள் முதலில் குறை சொல்வது அதைத்தான். வசம்பைத் துணியில் முடிந்து போட்டாலே போதும்.

பருத்தி உடைகளுக்குத் தண்ணீர்தான் பிரச்சினை. எங்கள் கிணற்று உவர்நீரில் அலசினால் துணி விறைத்து, நிறம் செத்துவிடும். விற்கப்போவதை மட்டும் காவிரித் தண்ணீரில் கடைசி அலசு அலசினேன். குடிக்க வரும் தண்ணீரைத் துணிக்குச் செலவழிப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து அதில் அலசிக்கொண்டேன். பட்டுகள் ராமநாதபுரத்தில் டிரை கிளீனிங்.

படத்துக்கு ஃபிளாஷ் ஆகாது, சரிகை வெள்ளையாகிவிடும். காலை வெயில் நேராக விழாத முற்றத்துச் சுவர்தான் எனக்கு ஸ்டூடியோ. முழுப் புடவை, முந்தானை, பார்டர், உள்பக்கம், ஃபால்ஸ் தைத்த இடம், கறை இருந்தால் கறை. பிளவுஸ் தைத்தாகிவிட்டது என்றால் மார்பளவு, தோள், கை நீளம், உள்ளே விட்டிருக்கும் துணி எவ்வளவு என்பதையும் எழுத வேண்டும். "மீடியம் சைஸ்" என்று எழுதினால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். டேப் வைத்து அளந்து எழுதியவை பேரமே இல்லாமல் போயிருக்கின்றன.

கமிஷன் நிறுவனத்தோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மாமியின் அரக்குப் பட்டுக்கு 7,500 ரூபாய் என்று ஒத்துக்கொண்டு, இரண்டு மாதம் விற்காததால் என்னைக் கேட்காமலே 4,800 ஆக்கி விற்றுவிட்டார்கள். கேட்டபோது, "விதிமுறையில் இருக்கிறது, மேடம்" என்றார்கள். உண்மையில் இருந்தது, மிகச் சிறிய எழுத்தில். 60 நாளுக்குப் பிறகு விலையைக் குறைக்கும் உரிமை அவர்களுக்கு என்று. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு ஒவ்வொரு உடைக்கும் "இதற்குக் கீழே போகக் கூடாது" என்ற விலையை மின்னஞ்சலில் எழுதி, அவர்கள் சம்மதம் வந்த பிறகே அனுப்பினேன். தேங்கும் பணத்திலும் கவனம் வேண்டும். 2021-இல் இந்தியாவுக்கு வந்த பாஷ்மார்க் என்ற பழைய உடை விற்பனைத் தளம் 2023-இல் இங்கே கடையை மூடியது. எந்தத் தளமானாலும் விற்ற தொகையை அதிலேயே சேர்த்து வைக்காமல் உடனே வங்கிக்கு மாற்றிக்கொள்கிறேன்.

நேரடி விற்பனையில் வருகிற ஆபத்து வேறு வகை. ஒருவர் தன்னைக் கடற்படைக்காரர் என்றும், உச்சிப்புளிக்கு மாற்றலாகி வருவதாகவும் சொன்னார். அங்கே கடற்படை விமானத்தளம் இருப்பது எங்களுக்குத் தெரியும் என்பதால் பேச்சு நம்பும்படி இருந்தது. விலையைக் குறைக்கச் சொல்லவே இல்லை. உடனே ஒரு க்யூஆர் குறியீடு அனுப்பி, "ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போடுங்கள், பணம் வந்துவிடும்" என்றார். நம் கணக்குக்குப் பணம் வர யுபிஐ பின் எண் எப்போதுமே தேவையில்லை. அதைப் போட்டால் நம் பணம்தான் போகும். அவருடைய கைப்பேசி எண்ணைத் தடை செய்துவிட்டு, தெருவில் விற்க ஆரம்பித்திருந்த எல்லாருக்கும் சொன்னேன். யாராவது ஏமாந்துவிட்டால் தயங்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

அனுப்பும்போது அட்டைப்பெட்டி வேண்டாம். கூரியரில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து ஓர் எடை போடுவார்கள். அசல் எடையைவிட அது அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். 40க்கு 30க்கு 10 பெட்டி என்றால் 2.4 கிலோ. உள்ளே இருக்கும் புடவை 800 கிராம்தான். மல் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் ஒட்டி, அதற்குமேல் துணிப்பை தைத்து ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். மழைக் காலத்தில் உறை இரண்டு. ஃபால்ஸின் உள்பக்கம் அதே நிற நூலில் ஒரு சிறு தையல் போட்டுப் படம் எடுத்து வைப்பேன். வேறு புடவையைத் திருப்பி அனுப்பினால் காட்ட அதுதான் சாட்சி.

பணம் யார் கணக்கில் விழ வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். புடவை கொடுத்த பலருக்கு வங்கிக் கணக்கு இருந்தது, ஆனால் அதோடு இணைந்த கைப்பேசி எண் சவூதியிலோ மலேசியாவிலோ இருக்கும் கணவருடையது. "ராத்தா, அவர் எண்ணிலேயே போடுங்கள், அனுப்பிவிடுவார்" என்று ஒருத்தி சொன்னாள். அவளை வங்கிக்கு அழைத்துப் போய் அவள் எண்ணையே இணைக்க வைத்தேன். அவள் வாப்பா எடுத்துக் கொடுத்த புடவை அது, பணமும் அவளுடையது.

கல் பதித்த கவுன்களுக்குத்தான் இன்னும் இடம் அமையவில்லை. கமிஷன்காரர்கள் கல் உதிரும் என்று வாங்க மறுக்கிறார்கள், இன்ஸ்டாகிராமில் வாடகைக்குத்தான் கேட்கிறார்கள். இவற்றை நல்லபடியாக விற்றுத் தரும் தளம் எதையாவது நீங்கள் பயன்படுத்தியிருந்தால் எழுதுங்கள். அளவுகளும் படங்களும் தயாராக வைத்திருக்கிறேன்.