பொழுதுபட ஆறு மணிக்குப் பக்கத்தில் யார்?

மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் வயல் காவலுக்குப் போகிறவர் வாடியில், காவல் குடிசையில், தனியே கிடப்பார். டோர்ச், யானை வெடி, சாரத்துக்குள் ஒரு கால் போத்தல் சாராயம். கேட்டால் "குளிருக்கு" என்பார். சாராயம் தோலுக்கு இரத்தத்தை இழுத்துச் சூடு காட்டும். உள்ளே உடம்புச் சூடு குறைந்துகொண்டே போகும். நித்திரையும் அப்படித்தான். சட்டென்று வரும், வெறி இறங்க நடுச்சாமத்தில் முழிப்புத் தட்டும். கதைக்க ஆளில்லாத அந்த நேரத்தில்தான் மிச்சமும் உள்ளே போகும். போகம் முடிய, கால் போத்தல் அரைப் போத்தலாகியிருக்கும். மனைவி வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன வீட்டிலும் இதே கணக்குத்தான், யானை மட்டும் இல்லை.

தனிமையில் வளரும் இந்தக் குடிக்கு எங்கட ஆட்கள் பார்க்கும் வைத்தியம், தட்டை வேறாக்கிப் பாயை விறாந்தையில் போட்டு, ஆளை இன்னும் தனியாக்குவது. 1970களின் கடைசியில் கனடாவில் புரூஸ் அலெக்சாண்டர் எலிகளை வைத்துப் பார்த்தார். தனிக்கூட்டு எலிகள் மோர்பின் என்ற போதைமருந்து கலந்த தண்ணீரைக் கூடுதலாகக் குடித்தன, கூட்டமாய் வாழ்ந்தவை குறைவாக. பிறகு செய்துபார்த்த எல்லாருக்கும் அதே முடிவு வரவில்லை. எலியை விடுங்கள், விறாந்தைப் பாயைப் பார்த்தாலே விளங்கும்.

நாள்தோறும் நிறையக் குடித்தவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிற்பாட்டாதீர்கள். கடைசியாகக் குடித்து 6–8 மணித்தியாலத்தில் கை நடுங்கத் தொடங்கும். 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளிலிருந்து 4ஆம் நாளுக்குள் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். பேய் பிடித்துவிட்டதென்று கோயிலுக்குக் கொண்டுபோவது அப்போதுதான். உயிர் போகக்கூடிய கட்டம் அது, 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. ஆஸ்பத்திரியில் தயமின் என்ற விற்றமினும் நடுக்கத்துக்கு மருந்தும் கொடுத்து, அந்த மருந்தை நாளுக்கு நாள் குறைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு உபதேசம் வேண்டாம். பொழுதுபட ஆறிலிருந்து எட்டரை வரை, அவர் பாருக்குப் போகும் நேரம், ஒருவர் கூட இருந்தால் போதும். பசியோடு விடாதீர்கள். குடிக்கும் அவதி எழுந்தால் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும்; அதுவரை பிளேன்டீ, கடலை, பொத்துவதற்கு ஒரு கிழிந்த வலை. ஒரே ஆள் தினமும் இருந்தால் பத்தாம் நாள் சலித்துவிடுவார், அதோடு எல்லாம் குழம்பும். மச்சான், மருமகன், பக்கத்து வீட்டு அண்ணன் என்று முறை போடுங்கள். நெல் விற்ற காசு கைக்கு வரும் கிழமையில் இரண்டு பேர்.

வழுக்கித் திரும்பக் குடித்தால், அன்றிரவும் சோறு அதே தட்டில்தான். விடிந்து வெறி முறிந்த பிறகு, எத்தனை மணிக்கு, எங்கே, அப்போது யார் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த முறை ஆளை அந்த மணிக்கு வையுங்கள். வரும் போகத்துக் காவலுக்கும் அவரைத் தனியே அனுப்பாதீர்கள்.