ஆல்ட்டோ வரிசை

பதினொன்றாம் வகுப்பில், பள்ளிச் சேர்ந்திசைக் குழுவில் என்னை ஆல்ட்டோவில், அதாவது பெண்களின் கீழ்க்குரல் வரிசையில், போட்டார்கள். மெட்டெல்லாம் மேல்குரல் பாடும் சொப்ரானோவுக்கு, எங்களுக்கு இரண்டு மூன்று சுரங்கள்தான். வீட்டில் பாடிக் காட்டினால், "பாடுறியா, முனகுறியாடி?" என்பார் அம்மா. பாட்டு வகுப்பில் கர்நாடக சங்கீதம் கற்ற எனக்கும் நான்கு குரல் நான்கு சுரம் பிடிப்பது அபஸ்வரமாகத்தான் பட்டது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் பாரதி பாடல்களையே இப்படிப் பாட வைத்தவர் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது.

நீண்ட சுரத்தில் எல்லோரும் ஒன்றாக மூச்சு வாங்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவள் வாங்கும்போது நான் பிடிக்க வேண்டும். அவள் மெல்ல வந்து சேர்ந்ததும் நான் வாங்கலாம். ஆண்டு விழா மேடையில் பாதியில் எனக்கு இருமல். வாயை இறுக மூடிக்கொண்டேன். சுரம் அறுபடவே இல்லை. முன்வரிசையில் இருந்த அம்மாவுக்குக்கூடத் தெரியவில்லை.