460 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்கு ஒரு தனிப்பாதை

அன்று இரவு நான் தவறாக அடித்தது ஒரே ஓர் இலக்கம். 26 என்று இருக்க வேண்டிய இடத்தில் 28.

மதுரையில் எங்களுடையது சிறிய நிறுவனம். மளிகை மொத்த வியாபாரிகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். கீழமாசி வீதியில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட கடைகள் அதை நம்பியே ஷட்டரைத் தூக்குகின்றன. சர்வர் இருப்பது சென்னைப் புறநகரில், ஒரு டேட்டா சென்டரின் வாடகை ரேக்கில். 2024இல் அவர்கள் எங்களுக்குப் புதிய முகவரித் தொகுதி ஒன்றை ஒதுக்கினார்கள். இரவு பத்தரைக்கு மேல், கடைகள் அடைத்த பிறகு, வீட்டிலிருந்தபடியே, சர்வரின் நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் நெட்பிளான் கோப்பைத் திருத்தினேன். முகவரி 150இல் முடிந்தது, வெளியே போகும் வாசலான கேட்வேயின் முகவரி 129இல் முடிந்தது. முகவரிக்குப் பின்னால் போடும் எண்தான் வலையமைப்பு எவ்வளவு அகலம் என்று சொல்லும். 26 என்று போட்டிருந்தால் 128 முதல் 191 வரை ஒரே வலையமைப்பு. 28 என்று போட்டதால் அது 144 முதல் 159 வரை சுருங்கி, கேட்வே எல்லைக்கு வெளியே போய்விட்டது. மாற்றத்தை அமலாக்கும் நெட்பிளான் அப்ளை கட்டளையைக் கொடுத்தேன். திரையில் கர்சர் நின்றது நின்றதுதான்.

டேட்டா சென்டருக்குப் போன் செய்தேன். இரவுப் பணியில் இருந்தவர் பொறுமையாகப் பேசினார். அவரால் செய்ய முடிந்தது பவர் பட்டனை அழுத்தி மறுபடி இயக்குவது மட்டுமே. ஆனால் தவறு கோப்பிலேயே எழுதப்பட்டுவிட்டது. எத்தனை முறை இயக்கினாலும் அதே தவறோடுதான் எழும். விசைப்பலகை வைத்துக் கட்டளை தட்டத் தெரிந்தவர் காலை பத்து மணிக்குத்தான் வருவார் என்றார். கடைகள் திறப்பது ஒன்பது மணிக்கு. மாட்டுத்தாவணிக்கு ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறி, விடிந்ததும் கிளாம்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அடையாள அட்டை காட்டி, கையெழுத்துப் போட்டு ரேக்கின் முன் நின்றபோது மணி எட்டே கால். மானிட்டரையும் விசைப்பலகையையும் செருகி 28ஐ 26 ஆக்கச் சரியாக நான்கு நிமிடம் ஆனது.

அந்த நான்கு நிமிட வேலைக்காக இரவு முழுக்கப் பயணம் செய்ததுதான் மனத்தை அறுத்தது. கேபிள்களைச் சரிசெய்யக் குனிந்தபோது சர்வரின் பின்புறத்தில், மற்ற நெட்வொர்க் போர்ட்டுகளிலிருந்து விலகி, தனியாக ஒரு போர்ட் தெரிந்தது. வாங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளாக அதில் கேபிள் ஏதும் செருகப்படவில்லை. உள்ளே தூசி படிந்திருந்தது.

அந்தப் போர்ட்டுக்குப் பின்னால் இருப்பது பிஎம்சி. சர்வரின் மதர்போர்டிலேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய தனிக் கணினி என்று சொல்லலாம். அதற்குத் தனிச் செயலி, தனி நினைவகம், தனி முகவரி. சர்வரை அணைத்துவிட்டாலும், மின் கம்பி செருகியிருக்கும் வரை இது விழித்திருக்கும். டெல் தன்னுடையதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஇ ஐஎல்ஓ என்கிறது. அடியில் இருக்கும் பொது மொழி, அதாவது தரநிலை, ஐபிஎம்ஐ. இன்டெல் முன்னின்று 1998இல் வெளியிட்டது, இரண்டாம் பதிப்பு 2004இல் வந்தது. இதன் வழியாகச் சர்வரை அணைக்கலாம், எழுப்பலாம், சர்வர் எழும்போது முதலில் வரும் பயாஸ் திரையைக்கூட வீட்டிலிருந்தே பார்க்கலாம். இத்தனையும் எனக்கு ஏட்டளவில் தெரியும். அதற்கு ஒரு கேபிள் செருகி ஒரு முகவரி கொடுக்கத்தான் செய்யவில்லை.

அன்றே, கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து ஒரு கேபிளை அதில் செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. சர்வருக்குள்ளிருந்தே ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளைக் கருவி கொண்டு, முகவரி மூலத்தை டிஹெச்சிபியிலிருந்து (வலையமைப்பே தானாக முகவரி கொடுப்பது) ஸ்டாட்டிக்காக (நாமே நிலையாகக் கொடுப்பது) மாற்றி, 10.20.90.11 என்ற உள்முகவரியைக் கொடுத்தேன். ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் அனுப்பினால் பதில் இல்லை. விளக்கு எரிகிறது, முகவரி இருக்கிறது, ஆனால் ஆள் இல்லை.

அரை மணி நேரம் ஸ்விட்சைச் சந்தேகப்பட்டேன். காரணம் வேறு. எங்கள் சர்வரின் பிஎம்சிக்கு மூன்று நிலைகள் உண்டு: தனிப் போர்ட்டை மட்டும் பயன்படுத்துவது, சர்வரின் முதல் நெட்வொர்க் போர்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வது, தனிப் போர்ட்டில் இணைப்பு இல்லாவிட்டால் தானாகவே பங்குக்குப் போவது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது மூன்றாவது நிலையில் இருந்தது. பிஎம்சி தொடங்கும்போது ஒருமுறை பார்க்கும். தனிப் போர்ட்டில் கேபிள் இல்லை என்றால் பக்கத்துப் போர்ட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நான் கேபிள் செருகியது அதற்குத் தெரியாது. இதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. அந்த முதல் போர்ட்தான் இணையத்தை நேராகப் பார்க்கும் போர்ட். அந்த வலையமைப்பில் டிஹெச்சிபி இல்லாததால் மட்டுமே பிஎம்சிக்கு முகவரி கிடைக்காமல் இருந்திருக்கிறது. கிடைத்திருந்தால், வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லோடு அதன் உள்நுழைவுப் பக்கம் வெளி உலகத்துக்குத் திறந்து கிடந்திருக்கும். நிலையைத் ‘தனிப் போர்ட் மட்டும்’ என்று மாற்றி, பிஎம்சியை மட்டும் முழுதாக மறுதொடக்கம் செய்தேன். ஒன்றரை நிமிடத்தில் பிங் பதில் வந்தது. இத்தனைக்கும் நடுவில் சர்வர் நிற்கவில்லை. கடைகள் பில் போட்டுக்கொண்டிருந்தன.

ரேக்குக்குள் பிஎம்சியை எழுப்பியாகிவிட்டது. மதுரையிலிருந்து அதை எப்படித் தொடுவது?

பொது முகவரி கொடுத்து இணையத்தில் வைப்பது சுலபம், ஆனால் அதை யாரும் செய்யக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். ஐபிஎம்ஐ இரண்டாம் பதிப்பின் உள்நுழைவு முறையிலேயே ஓட்டை இருக்கிறது. பயனர் பெயரைச் சரியாகச் சொன்னால் போதும், கடவுச்சொல்லை நிரூபிக்கும் முன்பே, அதிலிருந்து உருவாக்கிய ஹாஷை (கடவுச்சொல்லைக் குழப்பி மறைத்த வடிவத்தை) பிஎம்சி கேட்டவருக்குக் கொடுத்துவிடும். வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு நிதானமாக உடைக்கலாம். 2013இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் இதை விரிவாக எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு ஜூலையிலேயே அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் எச்சரிக்கை வெளியிட்டது. இது ஒரு தயாரிப்பின் குறையாக இருந்தால் மென்பொருளைப் புதுப்பித்துச் சரிசெய்யலாம். தரநிலையே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே ஐபிஎம்ஐ கோரிக்கைகள் வந்து சேரும் யுடிபி 623ஆம் போர்ட் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருளின் வாசல் எண்) வெளியாளின் கண்ணில் படவே கூடாது. பழைய கடவுச்சொல்லைத் தூக்கினேன், வேறு பெயரில் பயனரை உருவாக்கினேன், கடவுச்சொல் சரிபார்ப்பையே தாண்டவிடும் சைஃபர் பூஜ்ஜியத்தை அடைத்தேன். கடவுச்சொல்லுக்கு இருபது எழுத்துதான் உச்சவரம்பு என்பதால் இருபதையும் பயன்படுத்தினேன்.

ஆகவே விபிஎன், அதாவது இணையத்துக்குள்ளேயே பூட்டிய ஒரு தனிப்பாதை. ஊர் திரும்பியதும் அலுவலகப் பலகையில் படம் வரைந்தேன். சர்வரிலேயே வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள், அதன் வழியாகப் பராமரிப்புக்கு மட்டுமான மேலாண்மை வலையமைப்பு, அதில் பிஎம்சி. செலவே இல்லை என்று மகிழ்ச்சியாக விளக்கிக்கொண்டிருந்தேன். எங்களிடம் சேர்ந்து ஆறு மாதமே ஆன பெண் எழுந்து வந்து படத்தில் சர்வர் பெட்டியின் மேல் விரலை வைத்தார்.

“அண்ணா, இந்தப் பெட்டி படுத்துவிட்டால் விபிஎன்னும் சேர்ந்து படுத்துவிடுமே. பிறகு எந்த வழியாகப் போவோம்?”

படத்தை அழித்தேன்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்க நின்றது. பராமரிப்புக்காகக் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு வலையமைப்பையே துண்டித்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்றுப்பாதையும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் நேரில் டேட்டா சென்டருக்குப் போக வேண்டியிருந்தது என்று அவர்களே பிறகு எழுதினார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கிளாம்பாக்கம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த பயணத்தில் கையில் ஒரு சிறிய ரூட்டர் இருந்தது. உள்ளங்கை அகலம், விசிறி இல்லை, சிம் போடும் இடம் உண்டு. சர்வருக்கு வரும் இணைய இணைப்பு இதற்கு வேண்டாம் என்று முடிவு செய்து, 4ஜி சிம்மை நம்பினோம். ரேக்குக்குள் சிம் கருவி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க இரண்டு வாரம் பிடித்தது. சிக்னல் உலோகக் கதவுக்குள் ஏறவே இல்லை. ஆன்டெனாவைக் காந்த அடியோடு ரேக்கின் உச்சியில் ஒட்டவைத்த பிறகு வேலைக்கு ஆகும் அளவுக்கு வந்தது.

சிம்முக்குப் பொது முகவரி கிடையாது. ஒரே முகவரியை ஏராளமான வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வதால் வெளியிலிருந்து அதைக் கூப்பிட வழியில்லை. அதனால் திசையைத் திருப்பினோம். மும்பையில் வேறொரு நிறுவனத்திடம் மிகச் சிறிய மெய்நிகர் சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ரூட்டர் உள்ளேயிருந்து வயர்கார்டு மூலம் அதைக் கூப்பிடும். 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறிய பாக்கெட் (தரவுப் பொட்டலம்) அனுப்பி, பாதை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். மதுரையிலிருந்து நாங்களும் மும்பைக்குப் போவோம். இரண்டு கயிறும் அங்கே முடிச்சிடும்.

இணைப்பு வந்தது. ரூட்டரை மதுரையிலிருந்து பிங் செய்தால் பதில். ரூட்டரிலிருந்து பிஎம்சியைப் பிங் செய்தால் பதில். மதுரையிலிருந்து பிஎம்சியைப் பிங் செய்தால் மட்டும் மௌனம். நான் ரேக்கின் முன் தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டேன். மதுரைப் பெண்ணின் பிங் ஒவ்வொன்றாக வருவது தெரிந்தது. கோரிக்கை ஒன்று, கோரிக்கை இரண்டு, கோரிக்கை மூன்று. ரூட்டர் அவற்றைப் பிஎம்சி பக்கம் ஒழுங்காகத் தள்ளிவிடுகிறது. திரும்பி எதுவும் வரவில்லை. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில் எழுதியவருக்குத்தான் எந்தத் தபால்பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. பிஎம்சியின் லேன் விவரத்தை அச்சிட்டுப் பார்த்தேன். முகவரி சரி, வலையமைப்பின் அகலத்தைச் சொல்லும் நெட்மாஸ்க் சரி, டீஃபால்ட் கேட்வே 0.0.0.0, அதாவது காலி. ரூட்டர் அதே வலையமைப்பில் இருப்பதால் அதற்குப் பதில் சொல்லக் கேட்வே தேவைப்படவில்லை. மதுரை வெளியூர், அதற்குத் தேவை. ரூட்டரின் முகவரியைக் கேட்வேயாகக் கொடுத்த அடுத்த நொடி, போனில் அந்தப் பெண் “வந்துவிட்டது, வந்துவிட்டது” என்று கத்தியது குளிரூட்டியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

இன்னொரு சிக்கலும் வந்தது. உள்நுழைவுப் பக்கம் திறக்கும், சர்வரின் திரையைக் காட்டும் கன்சோலை அழுத்தினால் கறுப்புத் திரை. சிறிய பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை வழியில் காணாமல் போகின்றன. வயர்கார்டின் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1420 பைட்டாக இருந்ததை 1280 ஆகக் குறைத்தோம், சரியாகிவிட்டது. கூடவே சீரியல் கன்சோலையும் அமைத்தோம். 4ஜி திணறும் நேரத்தில் படத்தைவிட வெறும் எழுத்து வேகமாக வரும். பயாஸ், லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்), பிஎம்சி மூன்றிலும் 115200 என்ற ஒரே வேகத்தை வைக்க வேண்டும். ஒன்றில் பிசகினாலும் திரையில் கிறுக்கல்தான் வரும்.

சோதிக்காமல் ஊர் திரும்ப மனம் வரவில்லை. வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ரேக்கைப் பூட்டிவிட்டு வெளியே வந்து, எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். போனின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து, சர்வரின் இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகளையும் நானே முடக்கினேன். சர்வருக்குத் தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தது. அந்த இரவு பார்த்த அதே அசையாத கர்சர். இப்போது மும்பை வழியாகப் பிஎம்சிக்குள் போய்ச் சீரியல் கன்சோலைத் திறந்தேன். லாகின் என்ற சொல் மெதுவாக எழுந்து வந்தது. போர்ட்டுகளை உயிர்ப்பித்தேன். அடுத்து சர்வரையே முழுதாக அணைத்தேன். பிஎம்சி மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மறுபடி எழுப்பினேன். டீ ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

இப்போது நெட்வொர்க் மாற்றம் எதுவானாலும் நெட்பிளான் அப்ளையை நாங்கள் தொடுவதில்லை. நெட்பிளான் டிரைதான். 120 நொடிக்குள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். எப்போதோ தெரிந்திருக்க வேண்டியது.

ஐந்து மாதம் கழித்து ஒரு நள்ளிரவு, கெர்னல் புதுப்பிப்புக்குப் பிறகு சர்வர் திரும்ப வரவில்லை. பிஎம்சியைத் தொட வேண்டும். முகவரிகள், வயர்கார்டு அமைப்பு, அந்த இருபது எழுத்துக் கடவுச்சொல் எல்லாவற்றையும் மிக ஒழுங்காக எழுதி வைத்திருந்தோம், எங்கள் குறிப்புத் தளமான விக்கியில். விக்கி ஓடுவது அதே சர்வரில். நல்லவேளையாக அந்தப் பெண் தன் மடிக்கணினியில் ஒரு நகல் வைத்திருந்தார். கன்சோலில் பார்த்தபோது, கழற்றிவிட்ட பழைய வட்டு ஒன்று, இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்ஸ்டாப் கோப்பில் இன்னும் இருந்ததால், சர்வர் அதைத் தேடிக்கொண்டு அவசர நிலையில் நின்றிருந்தது. அந்த வரியை முடக்கி எழுப்பக் கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை அந்தப் பக்கத்தை அச்செடுத்தோம். ஒரு பிரதி அலுவலகப் பீரோவில், ஒரு பிரதி என் வீட்டில், ஒன்று அவர் வீட்டில்.